எண்பதில் நிற்கட்டும்

ஜூன் 3, செவ்வாய்

கடையில் லாரி பேட்டரி இரண்டும் ஆட்டோ பேட்டரி ஒன்றும் விற்றன. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இந்த டைரியைப் பேட்டரிக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தான். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு பக்கமும் எழுதவில்லை. எழுதுகிற மாதிரியா இருந்தது வீடு? இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அந்த லேப்டாப்பினால்.

பெயரை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். சரி, என் டைரிதானே. சிந்துஜாவின் லேப்டாப். என் ஒரே மகள். பிப்ரவரியில் ஜெயசீலன் என்கிறவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். நம்ம ஆட்கள் இல்லை அவர்கள். மறுநாளே என் அண்ணன் சங்கரலிங்கமும் சொந்தபந்தமும் பார்க்க, கொல்லையில் நின்று இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, இனி எனக்கு மகள் இல்லை என்று சொல்லித் தலைமுழுகிவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

லேப்டாப்பை மட்டும் அவள் மேசையில் திறந்தபடி விட்டுப் போனாள். அது ஓடிக்கொண்டே இருக்கும்படி அவள்தான் செய்து வைத்திருந்தாள். மூடினாலும் அணைந்தாலும் மறுபடி திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும். அது அவளுக்குத்தான் தெரியும். அவள் போனில் எடுக்கிற படமெல்லாம் தானாக இதில் வந்து விழுகிறது. அதுவும் அவள் பழைய ஏற்பாடுதான். நான் அதைப் பார்ப்பதில்லை. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகும்போது கண்ணில் படும், அவ்வளவுதான். நல்ல பொருள், கெட்டுப்போக விடலாமா?

பேட்டரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மதுரையில் பாதி லாரிக்கு நான்தான் பேட்டரி போட்டுக் கொடுத்தவன். பேட்டரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், காலியாகப் போட்டால் செத்துவிடும். அதனால் அன்றிலிருந்து சார்ஜரைப் பிடுங்கவே இல்லை. நூறு காட்டுகிறது. பேஷ்.

ஜூன் 8, ஞாயிறு

ரீஸ்டார்ட் செய்யவா என்று ஒரு கட்டம் வந்து கேட்கிறது. செய்து பார், செருப்பால் அடிப்பேன். வேண்டாம் என்று தட்டிவிட்டேன்.

இன்றைய படத்தில் தோசை. தோசையா அது? ஓசூர் மேப் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் கருகல் வேறு. இங்கே இருந்தவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தவளா?

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது. மதியம் சாப்பிட வந்தேன். சார்ஜர் ஒயர் லேசாகக் கழன்று கிடந்தது. காலையில் நூறு காட்டியது முப்பத்தொன்றில் நின்றது. அரை நாள்கூட ஆகவில்லை! புதுசில் பத்து மணி நேரம் தாங்கும் என்று அவள் பெருமையடித்துக் கொண்டிருப்பாள். ஓடிப்போய் ஒயரைச் செருகினேன். தொட்டால் அடிப்பக்கம் சுட்டது.

லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற ரெஜினாவுக்குப் போன் போட்டேன். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி அவள் கடை. வீட்டுக்கு வர முடியாது, கொண்டு வாங்க என்றாள். மூடக் கூடாதே! திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பால்குடம் எடுக்கிறவன்கூட அவ்வளவு பயந்து போக மாட்டான். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன சார், மேட்ச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ரெஜினா பார்த்ததும், "மூடிக் கொண்டு வந்தா என்னண்ணே? யாரு லேப்டாப்பு இது?" என்றாள்.

"யாருதா இருந்தா என்ன? பேட்டரியப் பாரு."

என்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சார்ஜர கழட்டவே மாட்டீங்களா?" என்றாள்.

"பேட்டரின்னா எப்பவும் ஃபுல்லா இருக்கணும். நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. உங்க லாரி பேட்டரிக்கு அது சரி. இது வேற சாதி. இத எந்நேரமும் நூறுலயே வெச்சிருந்தா சீக்கிரம் செத்துரும். வயிறு முட்டத் தின்னுட்டு எந்திரிக்காமயே உக்காந்திருந்தா மனுசன் என்னாவான்? அந்தக் கததான். பாதிப் பவரு போயிருச்சு பாருங்க."

வேற சாதியாம். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த முப்பத்தொன்று கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவள் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். இனிமேல் ஒயர் செருகியே கிடந்தாலும் எண்பதோடு நின்றுவிடுமாம். "கரண்டு போகப் போவுது, அவசரம்னா மட்டும் இந்தப் பட்டனத் தட்டுங்க. அன்னைக்கு மட்டும் நூறு ஏறும்" என்று திரையின் மூலையைக் காட்டினாள். "அடிக்கடி தட்டிறாதீங்க. வெச்சது வீணாயிரும்."

அவள் பேசும்போதே ஒரு படம் வந்து விழுந்தது. பஸ் ஸ்டாப் பலகை. ‘ஏரிக்கரை நிறுத்தம்’ என்று எழுதியிருந்தது. ரெஜினா அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்பை எவளாவது படம் எடுப்பாளா? பைத்தியம்.

ஜூன் 18, புதன்

எண்பது. அப்படியே நிற்கிறது. பார்க்கத்தான் மனசு ஒப்பவில்லை, பாதி வயிற்றோடு ஒருத்தரை எழுப்பிவிட்ட மாதிரி.

ஜூன் 26, வியாழன்

ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முதலில் கேபிள் போன டிவி என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஆஸ்பத்திரி எழுத்து. நடுவில் தலையும் கையுமாகக் குட்டியாய் ஒன்று சுருண்டு கிடந்தது.

கண்ணாடியை மறுபடி துடைத்தேன். சார்ஜ் எண்பதில்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூரணம் பாயசம் வைத்திருந்தாள். கடனே என்று சமைத்துப் போடுகிறவள் என் வீட்டுக்காரி. பிப்ரவரிக்குப் பிறகு வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றேன்.

"பால் மிஞ்சிருச்சு. கெட்டுப் போயிருமேன்னு."

முந்திரியெல்லாம் வறுத்துப் போட்டிருந்தாள். மிஞ்சின பாலுக்கு முந்திரி எதற்கு? இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

கதவு. வெறும் கதவு. பச்சைப் பெயிண்ட், மேலே 27 என்று நம்பர், கீழே காய்ந்த மாவிலை. நல்ல போன் வாங்கிக் கொடுத்தது கதவைப் படம் எடுக்கத்தானா?

இங்கே இன்னொரு வேடிக்கை. திரைக்குக் கீழே விரல் வைத்துத் தேய்க்கிற இடத்தில் மஞ்சள் கறை. துடைத்தேன். எலி வந்து மஞ்சள் தேய்த்துவிட்டுப் போகுமா? பூரணம் அந்த அறைக்குள் போவதே இல்லை. நானே கண்ணால் பார்க்கிறேனே, ராத்திரி அந்த அறையைத் தாண்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள்.

அந்த அறையில் இருந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். கூடத்திலிருந்து நல்ல நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். எனக்காகத்தான். எனக்கு இடுப்பு வலி.

ஜூலை 15, செவ்வாய்

நாற்காலியில் ஒரு தலையணை வந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் பார்த்தால் நூறு! நேற்றும் நூறு. ரெஜினாவைப் பிடித்து ஏறு ஏறென்று ஏறினேன்.

"நீங்க ஏதாச்சும் தட்டுனீங்களா?"

"எண்பதுல நிக்கட்டும்னுதான விட்டுருக்கேன்! நான் எதுக்குத் தட்டுறேன்?"

"ஆளு தட்டாம அது ஏறாதுண்ணே. வீட்ல வேற யாரு இருக்கா?"

"நானும் என் வீட்டுக்காரியும்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

"சரிண்ணே, தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஒயரக் கழட்டி எண்பதுக்கு எறக்கிட்டு மறுபடி செருகுங்க."

அதனால் இப்போதெல்லாம் கடையை அடைத்து வந்ததும் ஒயரைக் கழற்றிவிட்டு, அது எண்பதுக்கு இறங்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழைய படங்களும் கண்ணில் படுகின்றன. இன்று ஒரு படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அவன் தோள் மட்டும் தெரிந்தது. நோஞ்சான் பயல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு காபி குடித்து, ஊர்க் கதை பேசிவிட்டுப் போவார். அவர் வருகிற சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் லேப்டாப் மேல் துண்டைப் போட்டேன். பாத்ரூம் போகிறவர் அந்த அறைக்குள் தலையை நீட்டுவார் என்று யார் கண்டது?

"என்னப்பா குருநாதா, மினுக்கு மினுக்குனு என்னமோ தெரியுது?" என்று துண்டை எடுத்தார். "அந்தக் கழுதையோடதா? இன்னுமா வெச்சிருக்க?"

"விக்கலாம்னு வெச்சிருக்கேண்ணே. நல்ல வெல வரட்டும்னு."

"அதுக்கு எதுக்கு ஓடிக்கிட்டே கெடக்கு?" என்று மூடியில் கை வைத்தார்.

நான் பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அண்ணன் கையை நான் பிடிப்பதாவது! சின்ன வயதில் என்னை அடித்தபோதுகூடப் பிடித்ததில்லை.

"மூடாதீங்க! பேட்டரி கெட்டுரும்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அடுப்படியில் பூரணம் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

"குருநாதா, தண்ணிய ஊத்திக்கிட்டது தலையில மட்டுமா, இல்ல மனசுலயுமா?" என்றார். "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னான். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அங்கிட்டு நீ ஒரு எட்டு வெச்சா, இங்கிட்டு என் வாசல்ல கால் வெக்காத. நாலு பேரு முன்னால என் மானம் போனா போனதுதான்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர். கடை வைக்க இடம் கொடுத்தவரும் அவர்தான். அவர் இல்லாமல் எனக்கு ஒரு நல்லது கெட்டது உண்டா? இதை எழுதும்போதும் மணிக்கட்டைப் பிடித்த கை கூசுகிறது.

பூரணம் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கால். அவள் கால் மட்டும். ஸ்டூல் மேல் நீட்டி வைத்து எடுத்திருக்கிறாள். இரண்டும் வீங்கி, கொலுசு பதிந்திருக்கிறது.

உப்பைக் குறைக்கச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அவனுக்கு அம்மா கிடையாது என்று முன்பு ஒரு தரம் சொன்னாள். பார்லி தண்ணீர் போட்டுக் கொடுக்க, ராத்திரி காலுக்குத் தலையணை வைக்க ஒரு பொம்பளை ஆள் வேண்டாமா? வேலைக்கு வேறு போகிறாளா என்ன எழவோ.

எனக்கென்ன. தலைமுழுகியவனுக்கு என்ன.

சார்ஜ் நூறு. மறுபடியும் நூறு! சனியன்.

ஆகஸ்ட் 20, புதன்

தூங்கவில்லை. பூரணமும் தூங்கவில்லை. இருவரும் தூங்குகிற மாதிரி படுத்திருந்தோம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாதக் காலண்டரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளி. சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். காலண்டரைப் போய் எவளாவது படம் எடுப்பாளா? கதவு, பஸ் ஸ்டாப், இப்போது காலண்டர். படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

பூரணம் சந்தையிலிருந்து வரும்போது கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வந்திருக்கிறாள். "யாருக்கு?" என்றேன். "மலிவா இருந்துச்சு" என்றாள். அவள் கைக்கு அது பெரிய சைஸ்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விரல் தேய்க்கிற இடம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. மேசையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடுகிறது.

எனக்குத் தெரியாதா? லாரி பேட்டரி வயிறு ஊதி எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஒயரை மட்டும் கழற்றிவைத்தேன். பிறகு சார்ஜ் இறங்க இறங்கப் பயம் வந்து மறுபடி செருகிவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

ரெஜினாவே வீட்டுக்கு வந்தாள். போனில் நான் பேசிய பேச்சு அப்படி இருந்திருக்கும் போல. வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேரே போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"அண்ணே, இது ஊதிருச்சு. இனிமே ஒரு நிமிசம்கூட வெக்கக் கூடாது. அணைச்சிட்டுப் பேட்டரியக் கழட்டணும். தீப்பிடிச்சா வீடே போயிரும்."

"அணைக்காம கழட்ட முடியாதா?"

"முடியாது."

"எண்பதுலதானம்மா வெச்சிருந்தேன்!"

"எங்க எண்பதுல? தெனமும் நூறு ஏத்தியிருக்கீங்க. ஜூலைலருந்து ஒருநாள் விடாம. ஏத்தி, எறக்கி, ஏத்தி. பழைய பேட்டரி வேற, தாங்குமா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் கதவருகிலிருந்து பூரணம் சொன்னாள்: "நான்தான் ஏத்துனேன்."

கையில் கரண்டியோடு நின்றாள்.

"நீங்க கடைக்குப் போனதும் நான் வந்து பாப்பேன். ஒரு நாள் எண்பதுன்னு நின்னுச்சு. ரொம்ப நேரம் பாத்தேன், ஏறவே இல்ல. நீங்கதான சொல்லுவீங்க, பேட்டரி நெறஞ்சே இருக்கணும், கொறஞ்சா செத்துரும்னு. அரை வயித்தோட நிக்குதே, அணைஞ்சு போயிட்டா புள்ளைய எங்க போய்ப் பாப்பேன்? மூலைல பட்டன் இருந்துச்சு, தட்டுனேன், ஏறுச்சு. அப்பறம் தெனமும் தட்டுனேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள்.

காலையில் அவள் ஏற்றியதை மாலையில் நான் இறக்கியிருக்கிறேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக நின்று, காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து கொன்றிருக்கிறோம்.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஒண்ணு சொல்லவாண்ணே? இந்த லேப்டாப்பு ஓடிக்கிட்டு இருக்கறது உங்க பொண்ணோட போன்ல தெரியும். எது எது ஓடுதுன்னு பேரு போட்டுக் காட்டும்."

"அவளுக்குத் தெரியுமா? நாங்க பாக்குறது?"

"இது ஓடுதுன்னு தெரியும். வேணாம்னு நெனச்சிருந்தா அங்கருந்தே ஒரு தட்டுல கழட்டி விட்டுருக்கலாம். இத்தன மாசமா விடல."

பூரணம் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தலையணை இருக்கிற நாற்காலியில்தான். "உங்களுக்கு இன்னுமா வெளங்கல? பஸ் ஸ்டாப்ப எதுக்கு எடுத்தா? கதவ எதுக்கு எடுத்தா? காலண்டர்ல வட்டம் போட்ட வெள்ளிக்கிழமை அவளுக்கு வளகாப்பு. ஏழாம் மாசம். போன் பண்ணா நீங்க கட் பண்ணீங்க. அவ வேற எப்பிடித்தான் கூப்புடுவா?"

எனக்கு அழுகை வந்தது. ரெஜினா இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. "இத அணைச்சா அதுவும் அவ போன்ல தெரியுமா?"

"நின்னு போச்சுன்னு காட்டும்ணே."

அப்படியானால் நான் அணைக்கிற நிமிடத்தில் அங்கே அவள் பார்ப்பாள். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால், அப்பா கடைசியாக இதையும் அணைத்துவிட்டார் என்றுதான் நினைப்பாள். நினைக்காமல் என்ன செய்வாள்? கொல்லையில் நான் சொன்னது ஓசூர் வரைக்கும் போயிருக்காதா?

"ரெண்டு நாள் தாங்குமா?" என்றேன்.

"ஒரு மணி நேரம்கூட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ரெஜினா.

படங்களைக் கடைசியாக ஒரு தரம் தள்ளிக் காட்டினேன். தோசை, கதவு, கால், காலண்டர். பூரணம் அந்தக் கால் படத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் மஞ்சள் இருந்தது.

நான்தான் அணைத்தேன். வேறு யாரையும் செய்ய விடவில்லை.

ரெஜினா பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் வைத்து வெளியே கொண்டு போனாள். வேறு பேட்டரி வர நாளாகும், அதுவரை நேராகக் கரண்டில் செருகினால் ஓடும் என்றாள். செருகிப் பார்த்தோம். கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது.

"போன் போடுங்க" என்றாள் பூரணம்.

நம்பர் மனப்பாடம்தான். மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் வைத்துவிட்டேன். போனில் என்ன சொல்வது? ஹலோ என்றா ஆரம்பிப்பது?

"போன்ல பேசுற விசயமா இது? துணிய எடுத்து வை" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கிளம்புமுன் அண்ணனுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் போவது சரியில்லை. அது திருட்டு மாதிரி.

"ஓசூருக்குப் போறேண்ணே. பேட்டரி விஷயமா."

"அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

இத்தனை வயதில் அண்ணன் வாசல் இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். சேலத்தில் மாறிப் போக வேண்டும். பூரணம் பையில் வளையல், மஞ்சள், குங்குமம், ஐந்து வகைச் சாதத்துக்குப் பொடிகள், பார்லி ஒரு கிலோ. என் மடியில் லேப்டாப். மூடித்தான் வைத்திருக்கிறேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூடியிருக்கிறேன். பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

"அவன் கதவத் தொறந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்கிறாள் பூரணம். அதைத்தான் நானும் திண்டுக்கல்லிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஓசூரில் ராத்திரி லாட்ஜில் தங்கிவிட்டு, விடிந்ததும் குளித்துக் கிளம்பினோம். ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கினோம். அதே பலகை. தெருவில் யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பச்சைக் கதவு, 27. மாவிலை புதுசாகக் கட்டியிருந்தது.

பூரணம்தான் தட்டினாள். என் கைகள் இரண்டும் லேப்டாப்பில் இருந்தன.

அவன் திறந்தான். படத்தில் பார்த்ததைவிட நோஞ்சான். கையில் தேங்காய், இடுப்பில் ஈரத் துண்டு. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். வாங்க என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்:

"பிளக் பாயிண்ட் எங்கிட்டு இருக்கு?"

அவன் பதறிப்போய், "உள்ள... டிவி பக்கத்துல இருக்குங்க மாமா" என்றான்.

மாமா என்றான். நானும் உள்ளே போய் டிவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒயரைச் செருகினேன். தலையை நிமிர்த்தினால் சிந்துஜா நிற்கிறாள். பட்டுப் புடவை, தலையில் பாதி வைத்த பூ. வயிறு நன்றாகத் தெரிந்தது. கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது.

"புதன்கிழமையே நின்னு போச்சுன்னு காட்டுச்சுப்பா" என்றாள். "நீங்க கோவத்துல அணைச்சிட்டீங்க, அவ்வளவுதான் எல்லாம்னு நெனச்சேன்."

"பேட்டரி வீங்கிருச்சு" என்றேன். வேறு என்னென்னவோ சொல்லத்தான் நினைத்தேன். "உனக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருச்சா தாயி?"

அதற்குத்தான் அவள் உடைந்து அழுதாள். பூரணம் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். நான் என்னத்தைச் செய்ய? ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையல் அவள் கைக்குச் சரியான சைஸ். பூரணம்தான் முதலில் போட்டாள்.

எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகு சிந்துஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். வளையல் குலுங்கியது.

"பாஸ்வேர்ட எழுதித் தரவாப்பா? ஊருக்குப் போனப்பறம் பாக்கலாம்ல."

"வேணாம் தாயி. நீ படத்த போன்ல அனுப்பு. நான் இனிமே கட் பண்ண மாட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அதெல்லாம் அவள் சொந்த விஷயம்.